மணிக்கணக்குக் கூலி

கெய்த்னெஸ் கடற்கரையில்
ஒன்பது நாள் என் புல்டோசர் சும்மா நின்றது.
உறுமினால்தான் எனக்குக் காசு.
கோல்ஃப் மைதானம் வடிவமைக்க வந்த
ரோனா கில்பிரைட் மட்டும்
நடந்துகொண்டே இருந்தாள்.
கையில் ஒரு கட்டு மூங்கில் கழி,
சட்டைப்பையில் அவித்த முட்டை.

நடப்பாள். நிற்பாள்.
காற்றுக்கு முதுகு காட்டுவாள், பிறகு முகம்.
ஒரு கழியை நடுவாள்.
மறுநாள் வந்து பிடுங்குவாள்.

"மண்ணை எப்போதுதான் தள்ளுவது?" என்றேன்.
"கடல் தள்ளி வைத்திருக்கிறதே, இன்னஸ்,
எத்தனையோ ஆயிரம் வருஷமாய்.
அதைவிட நன்றாகத் தள்ளுவாயா?"
எனக்குச் சுருக்கென்றது.
கடலுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

வாடைக்கு ஒதுங்கி
செவியட் ஆடுகள் படுத்துப் படுத்துக்
குழிந்துபோன இடங்கள் பதினேழு.
ஒவ்வொன்றிலும் இறங்கி உட்கார்ந்து பார்த்தாள்.
ஐந்தைத்தான் மணற்குழியாக்கச் சொன்னாள்.

"மீதி?"

"மீதியில் விழுகிறவன் பாவம், ஆடத் தெரியாதவன்.
கோணலாய் அடித்த அடியே அவனுக்குத் தண்டனை,
அதற்குமேல் நான் எதற்கு?
கெட்டிக்காரனுக்கு எங்கே வாயூறுமோ
அங்கே வை குழியை.
தாண்டினால் ஓர் அடி லாபம்,
விழுந்தால் இரண்டு போச்சு.
வேண்டாம் என்பவனுக்கு
இடப்பக்கம் அகலமாய்க் கிடக்கட்டும் புல்.
அந்த வழியில் போனவனும்
தலைகுனியாமல் வீடு திரும்பவேண்டும்."

பணம் போட்ட ஸ்ட்ராகன்
அபர்டீனிலிருந்து வந்தார்.
கைபேசியில் ஃப்ளோரிடாவைக் காட்டினார்:
குளம், அருவி,
இரவில் நிறம் மாறும் நீரூற்று.
ரோனா அதைப் பார்த்துவிட்டு
கடலைப் பார்த்தாள்.
அந்நேரம் எழுந்த காற்று
அவர் தொப்பியை ஆறாம் கழிவரை
உருட்டிக்கொண்டு போனது.
துரத்திப்போனவர் கணுக்கால்வரை சேற்றில் நின்றார்.
"இங்கே தண்ணீர் வருவதற்கு வழி வேண்டாம்,
போவதற்குத்தான் வேண்டும்."
அப்படித்தான் கிடைத்தது எனக்கு நான்கு நாள் வேலை:
ஒருவரும் பார்க்கப்போகாத வடிகால்.
வெட்டினேன், கல் போட்டேன், மூடினேன்,
மேலே புல்லைப் பழையபடி விரித்தேன்.

பன்னிரண்டாம் பாதையின் நட்டநடுவில்
ஆள்காட்டிக் குருவியின் நான்கு முட்டைகள்.
என் தலைமேல் கத்திக் கத்திப் பறந்தது தாய்.
ரோனா கழியைப் பிடுங்கி
நாற்பது கஜம் தள்ளி நட்டாள்.
குஞ்சுகள் ஓடிவிட்டன, வளைவு தங்கிவிட்டது.
இன்று பத்திரிகைக்காரர்கள் வந்து
அந்த வளைவில் நின்றுதான்
மேதைமை, மேதைமை என்கிறார்கள்.

பதினான்காம் பசும்பரப்பில் மட்டும்
அவள் தோற்றாள்.
மூன்று முறை மேடு கட்டினேன்,
மூன்று முறை கலைக்கச் சொன்னாள்.
"அழகாய் இருக்கிறது.
நீ செய்தாய் என்று தெரிகிறதே, அதுதான் கோளாறு."

நான்காம் முறை கலைக்கும்போது
டீசல் தீர்ந்தது.
பாதியில் நின்ற கத்திக்குக் கீழே
முழங்கால் உயரத்துக்கு ஒரு கோணல் வரப்பு.
நான் திட்டிக்கொண்டே கேன் எடுக்கப் போய்த்
திரும்பி வந்தபோது
அவள் மண்டியிட்டுப் பந்து உருட்டிக்கொண்டிருந்தாள்,
ஐந்து திசையிலிருந்தும்.
இருட்டும்வரை உருட்டினாள்.
"விடு," என்றாள். "தொடாதே."

திறப்புவிழா அன்று
தபாலாபீஸ் பெத்தியா சின்க்ளேர்,
எழுபது வயது, தோளில் வலு இல்லை,
பந்தை உயரே தூக்கவே முடியாதவள்,
அறுபது கஜத்திலிருந்து
தரையோடு தரையாய்த் தட்டிவிட்டாள்.
என் வரப்பில் ஏறியது பந்து.
உச்சியில் யோசித்தது.
இடப்பக்கம் திரும்பி மெல்ல இறங்கி
துளைக்கு ஒரு சாண் முன்னே நின்றது.

அந்த ஒரு சாணை அவள் தவறவிட்டாள், அது வேறு கதை.
கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிச் சிரித்தாள்.
சாயங்காலம் திரும்பவும் வந்து வரிசையில் நின்றாள்.

என் பில்: மொத்தம் எண்பத்தொன்றேகால் மணி.
அந்தக் கால் மணி, டீசல் தீர்ந்து நின்ற நேரம்.
ஸ்ட்ராகன் சிவப்பு மையால் அடித்திருந்தார்.
பக்கத்தில் ரோனாவின் கிறுக்கல் எழுத்து:
"இதைக் கொடுத்துவிடுங்கள்."